சுக்கான் பிடித்த கை

கடல் நடுவே ஒரு பொடி நாடு. "நீங்கள் இன்னும் வளராத பிள்ளைகள். வளரும்வரை துறைமுகத்தை நாங்கள் ஆளுகிறோம்" என்று வல்லரசின் தூதர் ஓலையை நீட்டினார். அவருடைய கப்பலின் பீரங்கிகள் ஊரைப் பார்த்து நின்றன. அரசர் ஒப்பமிட எழுத்தாணியை எடுத்தார்.

காலையில் அந்தக் கப்பலைப் பாறைச் சந்துக்குள் சுக்கான் பிடித்துக் கொண்டுவந்தவன், அங்கே வழி தெரிந்த உள்ளூர் மாலுமி குப்பாண்டி. அவன் தூதரிடம் கேட்டான். "ஐயா, திரும்பிப் போக யார் உத்தரவு தருவது? அரசர் வாய்ச்சொல் இல்லாமல் நாங்கள் சுக்கானைத் தொடுகிற வழக்கமில்லை."

"இனி உத்தரவு என்னுடையது. தொடாவிட்டால் தலை போகும்."

"தொடுகிறேன் ஐயா." குப்பாண்டி கையை நீட்டினான். அது பாய்த்துணிபோல் படபடத்தது. "உங்களைப் பார்த்தால் இப்படி ஆடுகிறது. பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். எங்கள் அரசர் சொன்னால் மட்டும் கை ஆடாது."

தூதர் அந்தக் கையைப் பார்த்தார்; கடலில் நின்ற பாறைகளைப் பார்த்தார். பிறகு ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, "புறப்பட அனுமதி வேண்டும், அரசே" என்றார்.