சார்வாள் சங்கு ஊதிய கதை

"தானா கத்துக்கிட்டவனும், ஒருத்தன்கிட்ட போய்க் கத்துக்கிட்டவனும் கடைசியில..." என்று ஆரம்பித்து ஆவுடையப்பனின் பெரியப்பா ஏதோ சொல்வார். அந்த இரண்டு பேரில் யார் உருப்பட்டான் என்பது மட்டும் ஆவுடையப்பனுக்கு மறந்துபோயிற்று. அதனால்தான் சாமியிடம் போய்க் கேட்கவேண்டி வந்தது.

ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பென்ஷன் வரத் தொடங்கிய கையோடு ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்துவிட்டார். மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் இவருக்கு அவர் சாமிதான். அவருக்கு இவர் சார்வாள்தான்.

வினை குருபூஜை ஏற்பாட்டுக் கூட்டத்தில் வந்தது. மடத்தில் சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். "இனிமே ரெக்கார்டைப் போட்டு மைக்குல விட்டிரலாம்" என்றார் தர்மகர்த்தா. ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி காரியத்துக்கு மனுச மூச்சு வேண்டாமாவே? நான் ஊதுதேன்!"

கூட்டம் கைதட்டியது. அதுவரை அவர் சங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. குருபூஜைக்கு ஒரு மாதந்தான் இருந்தது.

போனில் வீடியோ பார்த்து, மடத்துத் தோப்பில் நின்று ஊதிப் பார்த்தார். பூஜை இல்லாத வேளையில் சங்குச் சத்தம் கேட்டால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். டீக்கடைக்காரர் ஓடிவந்து, "யாரு சார்வாள் தவறிட்டது?" என்று கேட்டார். அடுத்த முறை ஊதியபோது ஒருவர் மாலையோடே வந்துவிட்டார்.

ஆவுடையப்பன் சாமியிடம் போனார்.

"ஒரு சந்தேகம் சாமி. ஆள் வச்சுக் கத்துக்கவா, நானே கத்துக்கவா?"

"ஆள் இருக்கா?"

"இருக்கான். மாசிலாமணின்னு ஒருத்தன். கயிலாய வாத்தியக் குழு வச்சிருக்கான்."

"நல்லா ஊதுவாரா?"

"ஊதுவான். ஆனா சாமி..." ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கிட்ட ஏழாங்கிளாஸ் படிச்ச பய. வாய்ப்பாடு வராம வருசம் பூரா வகுப்புக்கு வெளியே நின்னவன். நான் போயி அவன் முன்னால கையைக் கட்டிட்டு உட்காரவா?"

"வேண்டாம். உங்களுக்கு நீங்களே வாத்தியாரா இருங்க."

ஆவுடையப்பனுக்கு மனசு குளிர்ந்தது. "அதைத்தான் நானும் நினைச்சேன். முப்பது வருச சர்வீஸ் இருக்குல்லா!"

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு நாற்காலியையும் பாயையும் கொண்டுவந்து எதிரெதிராகப் போட்டார்.

"நாற்காலி வாத்தியாருக்கு. பாய் பையனுக்கு. பாடத்தை நடத்துங்க, நான் பார்க்கேன்."

ஆவுடையப்பன் நாற்காலியில் அமர்ந்தார். வெறும் பாயை முறைத்தார். "ம், ஊதுலே" என்றார். பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து ஊதினார். எருமை தும்மியது போலிருந்தது. அவசரமாக நாற்காலிக்குத் திரும்பினார்.

"வாத்தியார் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் சாமி.

"புதுசுக்குப் பரவாயில்லங்காரு."

"மாசிலாமணி இப்படி ஊதியிருந்தா?"

"முட்டி போட வச்சிருப்பேன்."

"இந்தப் பையன் மேல மட்டும் என்ன இம்புட்டுப் பாசம்?"

"பையனுக்கு மூட்டுவலி சாமி."

"சரி, இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்க."

இந்தத் தடவை காற்றும் எச்சிலும்தான் வந்தன. ஆவுடையப்பன் சங்கைப் பாயிலேயே வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தார். சாமி கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்:

"சங்குல ஏதோ கோளாறுங்காரு வாத்தியார்."

சாமி தலையை ஆட்டினார்.

"ஊதுறதுன்னா என்ன?" ஆவுடையப்பன் சுட்டுவிரலை உயர்த்தினார். மூச்சை அடிவயிற்றில் எப்படிக் கட்டுவது, உதட்டை எப்படிக் குவிப்பது, கன்னம் ஏன் உப்பக்கூடாது என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார். இடையில் பாயைப் பார்த்து, "கவனிக்கியாலே?" என்று ஓர் அதட்டல் வேறு. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. தொண்டை கட்டியபிறகுதான் நிறுத்தினார்.

"பாடம் எப்படி சாமி?"

"பாடம் அருமை சார்வாள்" என்றார் சாமி. "பாயிலதான் ஆளைக் காணோம்."

ஆவுடையப்பன் பாயைப் பார்த்தார். உயர்ந்திருந்த விரல் மெதுவாக இறங்கியது.

மறுநாள் காலை, சங்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவர் மாசிலாமணி வீட்டுக்குப் போனார்.