சுரைக்காய்ச்சாமி கேட்ட மல்லிகை

பொருநைக் கரையில் மாதாங்குறிச்சி என்றோர் ஊர். அங்கே ஈன்றருள் நாயகி கோயிலின் மடைப்பள்ளிக்குப் பின்னால், மதிலோரம் விறகு பிளந்து போடுவது தாண்டவனாரின் தொண்டு. பிளந்த விறகு உள்ளே போகும்; பிளந்தவர் போகமாட்டார். கோடரியைக் கீழே வைத்ததும் மதிலில் நெற்றியைச் சாய்த்து, "தாயே, இன்னைக்கும் ஒனக்கு அடுப்பு எரிஞ்சிட்டு" என்பார். நெற்றி பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து என்ன பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம்.

அவர் உள்ளே போகாததற்குக் காரணம் தீட்டு. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் போய் நிற்கிற மனிதர். ஒரு வீட்டுத் தீட்டுக் கழிவதற்குள் அடுத்த வீட்டில் தொட்டில் கட்டிவிடுவார்கள். ஊர்க்காரர்களுக்கும் வேறு வேலையில்லை. ஆக, பெற்றவர்களுக்கெல்லாம் தாயான அம்மனின் முகத்தை இவர் ஒருநாளும் கண்டதில்லை. ஒரே ஒருமுறை காணவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையும் இருந்ததில்லை.

பிள்ளை பெறுகிற வீட்டில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? ஊரே கேட்ட கேள்விதான் இது. மாதாங்குறிச்சியில் ஒரு வழக்கம் உண்டு. மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டால் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. ஆற்றங்கரை மண்டபத்துக்குப் போய்த் தாயம் உருட்டிக்கொண்டிருந்தால் சேதி தானாக வரும். தாண்டவனாரும் இளமையில் அப்படிப் போய் உட்கார்ந்தவர்தாம். அன்றைக்கு அவர் கைக்குத் தாயம் நன்றாக விழுந்தது என்றுகூடச் சொல்வார்கள். பிறகு சேதி வந்தது. மனைவி ஆவுடையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் தண்ணீர் கேட்டாளாம்; பச்சையுடம்புக்கு ஆகாது என்று ஒருவரும் கொடுக்கவில்லையாம். "அவுக எங்க, அவுக எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இதை அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். நம் ஊரில் விடுவார்களா? சொன்னார்கள்.

அதன்பின் அவர் தாயக்கட்டையைத் தொடவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன்மாரைக் கையைப் பிடித்து அவரவர் வீட்டு வாசலுக்கு இழுத்து வருவார். அடுப்புக் கூட்டி வெந்நீர் போடச் சொல்வார். கொதி வரும்வரை பாடம் நடக்கும். பாடத்துக்கு ஒரு சுரைக்காய். அதைத் துண்டில் சுற்றி அவர்கள் கையில் கொடுப்பார்.

"கழுத்து, கழுத்து! ஏலே, காயவா விக்கப் போற? தலைக்குக் கீழ கையக் குடு."

"இது அழவே மாட்டேங்கே சாமி?"

"நெசப்புள்ள அழும். அழுத ஒடனே பொஞ்சாதிகிட்ட நீட்டிராத. அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருக்கும். தாகத்துக்குக் கேட்டான்னா யாரு தடுத்தாலும் கொண்டு குடு. பொட்டப்புள்ளைன்னா மொகத்தத் தூக்காத. அவ மொதல்ல ஒன் மொகத்தத்தான் பாப்பா."

வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் சுள்ளி பொறுக்குகிற சாக்கில் மதிலோரம் வந்து, தாயிடம் கேட்கக் கூசுகிறதையெல்லாம் இவரிடம் கேட்டுப் போனார்கள். கேட்டுப் போனவர்களே குளக்கரையில் உட்கார்ந்து அவரைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். 'சுரைக்காய்ச்சாமி' என்ற பெயர் அங்கே கிளம்பியதுதான். சந்தையில் காய் விற்பவன் அவரைக் கண்டால், "சாமி, இதுக்கு எத்தன மாசம்?" என்பான். கோயில் தர்மகர்த்தா சிதம்பரதாணு ஒருபடி மேலே போனார். "சொந்தப் பொண்டாட்டிய வாரிக் குடுத்துட்டு, ஊரான் பொண்டாட்டிக்கு வெந்நி போடுதாரு" என்று நாலு பேர் நடுவே சொன்னார். அடியவர் புன்னகை செய்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். செய்யவில்லை. அன்றைக்கு அவர் சோறு உண்ணவில்லை. மறுநாள் காலையில் கோடரிச் சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்டது.

ஓர் ஆண்டு ஆடிப்பூரத்துக்குக் கொடியேறியபோது சிதம்பரதாணுவுக்கே மனம் இளகிற்று. ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளைகாப்பு. முளைகட்டிய பயறு வயிற்றில் கட்டி, கருவுற்ற பெண்ணாகவே அலங்கரிப்பார்கள். "பூரம் வரைக்கும் பிள்ளை பொறந்த வீட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்காதீரும். சன்னதியில நிக்க நான் எடம் தாரேன்" என்றார். தாண்டவனார் கோடரியைக் கீழே வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார். இடையில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தது. இவர் தெருமுனையோடு நின்றுகொண்டு சுரைக்காயை மட்டும் அனுப்பிவைத்தார். அதற்கும் ஊர் சிரித்தது.

பூரத்துக்குச் சில நாள் இருக்கையில் ஆற்றில் குளித்து வருகிறவர், மண்டபத்தில் மாசானம் தனியாக உட்கார்ந்திருக்கக் கண்டார். முறம் முடைந்து பிழைக்கும் வெளியூர்ப் பையன். மனைவி உலகம்மாளுக்கு ஊரில் உறவென்று ஒருவரும் இல்லை.

"வலி கண்டு ரொம்ப நேரமாச்சு சாமி. இங்கன போய் இருன்னுட்டாங்க. நான் வாரப்ப உள்ள சத்தமே கேக்கல."

தாண்டவனார் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எந்திரிலே" என்றார்.

ஆண்பிள்ளை பிறந்தது. அழகான பிள்ளை. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், பிறகு துணியில் சுற்றி மாசானத்திடம் கொடுத்தாள். ஆற்றோரம் குழி வெட்டியவர் தாண்டவனார். திரும்பும் வழியில் அந்தப் பையன் ஒன்றே ஒன்று சொன்னான்:

"நீங்க சொன்ன மாதிரியே பிடிச்சேன் சாமி. கழுத்த விடவே இல்ல."

சேதி கேட்ட சிதம்பரதாணு, "பிறப்புத் தீட்டோட எழவுத் தீட்டுமா? இனி அவரு சன்னதிய நெனச்சும் பாக்க வேண்டாம்" என்றார். தாண்டவனார் அதைக் கேட்டுக்கொண்டு உலகம்மாளுக்குக் கஞ்சி காய்ச்சப் போனார்.

பூரத்தன்று காலையில் உலகம்மாளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை. மார்பு கல்லாகி, உடம்பு அனலாய்க் கொதித்தது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் அன்று ஊரில் ஒரு மல்லிகை இல்லை. கொடியில் மொட்டுகூட விடாமல் பறித்து அம்மனுக்குக் கொடுத்திருந்தார்கள். தாண்டவனார் மடைப்பள்ளி வாசலில் எட்டி நின்று குரல் கொடுத்தார்.

சிதம்பரதாணுவே வந்தார். "என்னவே, வாசல்ல வந்து நிக்கீரு? அம்பாளுக்குச் சாத்துற பூவ எழவு வீட்டுக்குத் தரவா?"

"மொகம் பாக்க வரல ஐயா. ஒரு கை பூ குடுங்க. அந்தப் புள்ள துடிக்கி."

"போவும்வே!"

தாண்டவனார் மதிலில் நெற்றியை வைத்தார். "ஒன் மொகம் எனக்கு வேண்டாம் தாயே. அந்தப் பால மட்டும் நீ என்னன்னு பாரு" என்றார். போய்விட்டார்.

உள்ளே பயறு கட்டி, வளையல் அடுக்கி, மல்லிகையால் மூடித் திரையை விலக்கினார்கள். அம்மனின் மார்க்கச்சு நனைந்திருந்தது. அபிஷேக ஈரம் என்று எண்ணிப் பட்டர் வேறு கச்சு சாத்தினார். அதுவும் நனைந்தது. துடைத்தார், மறுபடி கசிந்து பீடம்வரை வெள்ளையாக இறங்கிற்று. பட்டர் வீட்டில் கைக்குழந்தை உண்டு. அந்த வாசம் அவருக்குத் தெரியும். நாகசுரம் பாதியில் நின்றது.

"வாசல்ல யாரோ பூ கேட்டாப்ல சத்தம் கேட்டுதே, யாரு?" என்றார் பட்டர்.

"தாண்டவனாரு. அந்த எழவு வீட்டுக்கு" என்றார் சிதம்பரதாணு. பட்டர் அம்மன்மேல் இருந்த மல்லிகை அத்தனையும் களைந்து, தாமே சுமந்துகொண்டு நடந்தார். பின்னால் ஊரும் போயிற்று, போகாமல் இருக்குமா?

குடிசையில் உலகம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, மார்பின் கல் இளகியிருந்தது. பூவை அவள் தொடவில்லை. சிதம்பரதாணு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.

"தாண்டவனாரே, நடை தொறந்திருக்கு. தீட்டுன்னு இனி யாரும் ஒம்மச் சொல்லமாட்டாங்க. வாரும்."

"இவ ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிரட்டும் ஐயா."

அவள் குடிக்க மாலையாகிவிட்டது. அதுவரை நடை சாத்தவில்லை. தாண்டவனார் சன்னதிக்குள் வந்து முதன்முதலாக அந்த முகத்தைக் கண்டார். பூ இல்லை. கச்சு ஈரமாகவே இருந்தது. பெற்றதை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவளின் முகமாக இருந்தது என்றே அவர் பிறகு சொன்னார். அவர் எதையும் வேண்டவில்லை, பாடவும் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளில் எப்படி உட்கார்வாரோ அப்படியே, பேசாமல், விளக்கு மங்கும்வரை அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

அம்மனுக்கே ஆறுதலாக இருந்த அந்த எளியவரின் காலடி மண்ணை, வாய் ஓயாத இந்த ஊரும் சற்றே வாய்மூடி நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும்.