நிறுத்துப் பார்த்த பம்பு

திருச்சியிலிருந்து மதுரை போகும் ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குவதற்குள் கட்டி முடித்த அடுக்குமாடிகளில் ஒன்று அமுதசாகர். அங்கே நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உண்டு, ஒரு நீச்சல் குளம் உண்டு, குளத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட கமிட்டியும் உண்டு. கமிட்டிக்குப் புத்தி உண்டா என்று வீடு வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. பில்டரும் தருவதாகச் சொல்லவில்லை.

தலைவர் கலியபெருமாள் ரயில்வேயில் இருந்தவர். எதற்கும் டைம்டேபிள் போடாமல் எழுந்திருக்க மாட்டார். பராமரிப்பு உமாபதி வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். செயலாளர் ஞானப்பிரகாசம். அந்தப் பெயரை நம்பித்தான் எமிலியின் அப்பா பெண்ணைக் கொடுத்தார்.

எமிலிக்கு ஐம்பத்திரண்டு வயது, ஒரு முட்டி போய்விட்டது. கான்வென்ட்டில் சிஸ்டர் முட்டி போட வைத்ததெல்லாம் சேர்த்து இப்போது வலிக்கிறது என்பது அவளுடைய கட்சி. தினமும் தண்ணீரில் இறங்கிக் காலை உதறினால் மூன்று மாதத்தில் பார்க்கலாம், இல்லையென்றால் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஓடியிருந்தது. மாடிப்படியில் இப்போது அவள் கைப்பிடியைப் பிடிப்பதில்லை. குளம் இருந்தால் முட்டி உண்டு, இல்லையென்றால் ஆஸ்பத்திரி.

அப்படி இருக்கும்போதுதான் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குளத்துத் தண்ணீரைப் பம்பு உறிஞ்சுகிற வாயில் தலைமுடியோ துணியோ சிக்கிக்கொண்டால், பம்பைத் தானாக நிறுத்துகிற ஒரு கருவி வேண்டும். போதாததற்கு, கையால் அழுத்திப் பம்பை நிறுத்தச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தானும் வேண்டும். சனிக்கிழமை ஆய்வாளர் வருவார். சரியில்லை என்றால் குளத்துக்குச் சீல்.

மெக்கானிக் ஜாபர் ஞாயிற்றுக்கிழமையே வந்து கருவியைப் பம்போடு மாட்டினான், பொத்தானைச் சுவரில் பதித்தான், பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான். “எல்லாம் இதுல எழுதியிருக்கு சார். அதும்படி செஞ்சாப் போதும்” என்றான். அமுதசாகரில் சொல்லக் கூடாத வார்த்தை அது. பாவம், அவனுக்குத் தெரியாது.

ஸ்டிக்கரில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்று: பம்பைத் தினமும் நிறுத்துப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கவும். இரண்டு: சிவப்புப் பொத்தானை ஆபத்து நேரத்தில் மட்டும் அழுத்தவும். மூன்று: உறிஞ்சும் வாய் அடைபட்டால் பம்பு மூன்று விநாடியில் தானே நிற்கும்.

‘நிறுத்திப் பார்த்து’ என்று போட வேண்டிய இடத்தில் அச்சடித்தவன் கை தவறி ‘நிறுத்துப் பார்த்து’ என்று போட்டிருந்தான். வேறு எந்தக் குளத்திலும் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே உமாபதி வாத்தியார் இருந்தார்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் பம்பைக் கழற்றி, காய்கறி வண்டியில் ஏற்றி, பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதை எமிலி பால்கனியிலிருந்து பார்த்தாள். ரிப்பேருக்கு என்று நினைத்தாள். பதினொரு மணிக்குப் பம்பு திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி போயிற்று.

“ஏங்க, நல்லா ஓடிட்டிருக்கிற பம்பை எங்கதான் கொண்டு போறீங்க?”

“எடை போட” என்றார் ஞானப்பிரகாசம். “முப்பத்தொரு கிலோ நானூறு. நேத்தும் அதேதான். நல்ல கம்பெனிப் பொருள், எமிலி.”

எமிலி கீழே போய் ஸ்டிக்கரைப் படித்தாள். “வாத்தியார், இது எழுத்துப் பிழை! ‘தி’ போடறதுக்குப் பதிலா ‘து’ போட்டிருக்கான்.”

உமாபதி கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, பிழையா இருந்தா முதல் நாளே சிவப்பு மையில சுழிச்சிருப்பேன். நிறுத்துன்னா எடையிட்டு. நிறுத்துப் பார்த்துன்னா எடையிட்டுப் பார்த்து. சொல்லும் சரி, பொருளும் சரி, சந்தி கூட சரியா விழுந்திருக்கு. இவ்வளவு சுத்தமான வாக்கியத்தைப் பிழைன்னு சொன்னா நாக்கு கூசும்.”

“பம்போட எடையைத் தெரிஞ்சு ஒரு ஆபீசர் என்ன பண்ணுவாரு?”

“அது ஆபீஸ் ரகசியம், நம்ம கேக்கக் கூடாது” என்றார் கலியபெருமாள்.

எமிலி மாடிக்குத் திரும்பினாள். அடுப்பில் பால் வேறு வைத்திருந்தாள்.

இரண்டாவது வரிதான் கமிட்டியின் தூக்கத்தைக் கெடுத்தது. பொத்தானை ஆபத்து நேரத்தில் மட்டும்தான் அழுத்த வேண்டும். ஆனால் ஆபத்து நேரம் எது?

“ராகு காலம்னா காலண்டர்லயே போட்டிருக்கும். எமகண்டமும் போட்டிருக்கும்” என்றார் ஞானப்பிரகாசம். “ஆபத்து நேரம்னு ஒண்ணும் காணோமே.”

“போடாட்டி நாமதான் போட்டுக்கணும்” என்றார் கலியபெருமாள். “நேரம் குறிக்காம எதையும் ஓட விட முடியாது. அவனவன் இஷ்டத்துக்கு ஆபத்துல மாட்டிக்கிட்டா நிர்வாகம் என்ன ஆகிறது?”

அன்று மாலையே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஏறியது. ‘ஆபத்து நேரம்: காலை 10.30 முதல் 10.45 வரை. ஞாயிறு விடுமுறை. குடியிருப்போர் மற்ற நேரங்களில் ஆபத்துக்கு உள்ளாவதைத் தவிர்த்து ஒத்துழைக்கவும்.’ அதற்குக் கீழே ஆபத்தில் சிக்குவோர் பட்டியல். புதன் தலைவர், வியாழன் வாத்தியார், வெள்ளி மறுபடி தலைவர், சனி செயலாளர்.

புதன்கிழமை பத்தரைக்குக் கலியபெருமாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தொண்டையைச் செருமி, “ஆபத்து” என்றார். உமாபதி கடிகாரத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். பம்பு அப்போது இரும்புக் கடைத் தராசில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ‘பம்பு நிற்கவில்லை, ஓடவும் இல்லை’ என்று பதிவேட்டில் குறித்தார்கள்.

அங்கிருந்து மூவரும் கடைக்குத் திரும்பினால் இன்னொரு விபரீதம். எடை முப்பத்தொரு கிலோ தொள்ளாயிரம் காட்டியது.

“அரைக் கிலோ ஏறியிருக்கே!” ஞானப்பிரகாசம் பதறினார்.

“தண்ணி குடிச்சிருக்கும்” என்றார் கலியபெருமாள்.

“நேத்து குடிக்கலையா?”

இரும்புக் கடைக்காரர் குறுக்கே வந்தார். “சாரு, தினம் கொண்டாறீங்க, தினம் தூக்கிட்டுப் போறீங்க. விக்கிறதா, வேண்டாமா?”

உமாபதி பம்பைச் சுற்றி வந்து, ஜாபர் மாட்டிய கருவியைத் தட்டினார். “இதுதான் காரணம். ‘பம்பை நிறுத்துப் பார்த்து’ன்னுதான் போட்டிருக்கு. பம்பையும் கருவியையும்னு போடலை. இத்தனை நாள் இன்னொருத்தன் எடையையும் இது தலையில கட்டியிருக்கோம்.”

உடனே கருவியைக் கழற்றினார்கள். தொங்கிய இரண்டு வயரைக் கலியபெருமாள் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். குளத்தில் மாட்டியதும் பம்பு முன்னைவிட உற்சாகமாக ஓடியது. கழற்றின கருவியை என்ன செய்வது? அதன் பெட்டியிலேயே ‘பாதுகாப்புக் கருவி’ என்று அச்சடித்திருந்தது. ஆகவே பாதுகாப்பாக வைத்தார்கள். ஆபீஸ் ரூம் பீரோவில், கலியபெருமாளின் சால்வைக்கு அடியில், பூட்டி. சாவி கலியபெருமாளின் பூணூலில்.

இது எதுவும் எமிலிக்குத் தெரியாது. வியாழனும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு இறங்கி, எல்லாரையும் போல நம்பி நீந்தினாள்.

சனிக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று பம்பை விடியுமுன்னே எடை போட்டுக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். ஆகவே அந்த வாரத்தில் முதல் தடவையாக, காலை பத்தேகாலுக்குப் பம்பு அதன் இடத்தில் இருந்தது, ஓடவும் செய்தது. அன்று ஆபத்தில் சிக்க வேண்டியவர் ஞானப்பிரகாசம். எதற்கும் பத்து நிமிஷம் முன்னால் போய்ப் பழகியவர். நீச்சல் உடை போடுவது குடும்பஸ்தனுக்கு அழகில்லை என்று எட்டு முழ வேட்டியோடு இறங்கினார். ஆழம் குறைந்த பக்கம் வாகாகப் படியில் உட்கார்ந்தார். அந்தப் படிக்குக் கீழேதான் உறிஞ்சும் வாய் இருந்தது.

வேட்டியின் நுனி முதலில் போயிற்று. அப்புறம் மடிப்பு. ஞானப்பிரகாசம் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கையால் மானத்தையும் ஒரு கையால் படியையும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு வந்தது.

“வாத்தியார்! இழுக்குது! பொத்தானை அழுத்துங்க!”

உமாபதி பொத்தானுக்கு முன்னால் விறைப்பாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து இருபதுதான் ஆகுது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

“இப்பவே ஆபத்துங்க!”

“ஆபத்து இருக்கலாம். நேரம் வரலையே.”

“முன்கூட்டி வந்த ஆபத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை” என்றார் கலியபெருமாள், பட்டியலைச் சரிபார்த்தபடி.

எமிலி குளத்துக்கு எதிர்ப்பக்கம், ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பினாள். புருஷனுடைய தாடை தண்ணீரில் இருந்தது. பொத்தானுக்குப் போக வேண்டுமானால் முழுக் குளத்தையும் சுற்ற வேண்டும், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. “அழுத்துங்கய்யா!” என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை என்று முப்பது வருஷக் கல்யாணம் அவளுக்குச் சொன்னது.

“வாத்தியார்!” என்று கூவினாள். “உங்க வாட்ச் ஸ்லோ! என் போன்ல பத்தரை ஆயிடுச்சு!”

உமாபதி திடுக்கிட்டார். “அப்படியா? சொல்லியிருக்கக் கூடாதா?” முள்ளைப் பத்தரைக்குத் திருப்பினார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பொத்தானை அழுத்தினார்.

பம்பு நின்றது. ஞானப்பிரகாசம் கரையேறினார், வேட்டி ஏறவில்லை. எமிலி துண்டை அவர் மேல் வீசினாள். “கட்டுங்க முதல்ல. கேட்டுல ஒரு அம்மா வர்றாங்க.”

ஆய்வாளர் மெஹருன்னிசா பொறுமைசாலி. துண்டு கட்டிய செயலாளரை ஏன் என்று கேட்கவில்லை. பொத்தான் வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார். பதிவேட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் முழுக்கக் கிலோக் கணக்கு. மூடினார். மறுபடி பிரித்தார்.

“தானா நிறுத்துற கருவி எங்கங்க?”

“பத்திரமா இருக்கு மேடம்” என்றார் கலியபெருமாள், சட்டைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடிக்கொண்டே.

எமிலிக்கு அப்போதுதான் புரிந்தது. வியாழனும் வெள்ளியும் தான் எதன் மேல் நீந்தினோம் என்பதும்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். “மேடம், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க” என்றாள். “அதுவரைக்கும் யாரும் தண்ணியில இறங்க மாட்டாங்க. இவங்க மூணு பேரும் பம்பு ரூம் பக்கமே வர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

மெஹருன்னிசா அவளை ஒரு பார்வை பார்த்தார், அந்த மூவரை ஒரு பார்வை பார்த்தார். “நாலு மணி. அதுக்கு மேல சீல்.”

எமிலி ஜாபரை வரவழைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கருவியை மாட்ட வைத்தாள். கமிட்டியைத் தன் வீட்டு ஹாலில் உட்கார வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நாலு மணிக்கு உறிஞ்சும் வாய் மேல் ஒரு ரப்பர் பாயை இறக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பம்பு தானே நின்றது. மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டார். எமிலி முட்டியைத் தடவிக்கொண்டாள்.

போகிற போக்கில் ஆய்வாளர் ஸ்டிக்கரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவை எடுத்து, ‘து’வைத் ‘தி’யாகத் திருத்திவிட்டுப் போனார்.

அத்தோடு ஒழிந்தது என்று எமிலி நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் குளத்துக்கு வந்தபோது பம்புச் சத்தம் இல்லை. பம்பு ரூமுக்கு வெளியே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்று நாற்காலிகளிலும் கமிட்டி. அவர்களுக்கு எதிரே, குழாயிலிருந்து கழற்றிய பம்பு, கருவியும் மாட்டினபடியே, வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நட்டமாக நின்றது. இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் நுனி ஞானப்பிரகாசத்தின் கையில்.

“என்ன பண்றீங்க?” என்றாள், வருகிற பதில் தெரிந்திருந்தும்.

“பாக்கறோம்” என்றார் உமாபதி. “இத்தனை நாள் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். நிறுத்துப் பார்த்து இல்ல, நிறுத்திப் பார்த்து. அது பாட்டுக்குப் படுத்தே கிடந்தது. நிறுத்திட்டோம். இப்ப பாக்கற கட்டம்.”

“கயிறு எதுக்கு?”

“அதான் கொஞ்சம் சிக்கல்” என்றார் ஞானப்பிரகாசம். “மூணு விநாடியில மூணு விநாடியில தானே நிக்கும்னு போட்டிருக்கு. கயிறை விட்டா விழுது.”

“புதுசுல்ல” என்றார் கலியபெருமாள். “பழகணும்.”

கழற்றிப் போட்ட பம்பு யாரையும் உறிஞ்சாது. இன்றைக்கு இந்த ஊரிலேயே பத்திரமான குளம் இதுதான். எமிலி தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முட்டி லேசாக மடங்கியது, லேசாக நீண்டது.

அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பும்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம். இந்தக் கரைக்கு வரும்போது இன்னொரு ‘தொம்’. ஏழாவது தடவை திரும்பும்போது உமாபதி வாத்தியார் பதிவேட்டில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது கேட்டது.

“தலைவரே, ரெண்டு விநாடி வரைக்கும் வந்துட்டான். இன்னும் ஒரே ஒரு விநாடிதான் பாக்கி.”