ஒற்று இல்லாத கார்

சேந்தலூர் ஜமீனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜமீன் போய்விட்டது, நிலம் போய்விட்டது, யானையும் போய்விட்டது. ஆனால் ராஜா செண்பகபூபதியின் மீசை மட்டும் போகவில்லை. அதோடு அவரிடம் மிச்சமிருந்தது ஒரு பச்சைக் கார். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ராணியைக் கல்யாணம் முடித்து அழைத்து வந்த வண்டி. ராணி காலமாகி ஏழு வருஷம் ஆகியும், அவர் உட்கார்ந்த பக்கத்தில் ராஜா யாரையும் உட்காரவிட்டதில்லை.

அந்தக் காரின் மேல்தான் சினிமாக்காரன் கண் விழுந்தது.

புரொடியூசர் பட்டாபிராமன் மாலையும் கையுமாக வந்தார். "மகாராஜா, கர்ணனுக்குப் பிறகு கொடை என்றால் நீங்கள்தான்" என்று ஆரம்பித்தார். ஊர்ப் பெரியவர்கள் ஐம்பது பேர் கூடியிருந்த சபை. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வேணுங்கிறதை எழுதிக்கிடுங்க! கையெழுத்துப் போடுதேன். எழுதினதுல ஒரு எழுத்து மாற மாட்டான் இந்தச் செண்பகபூபதி!"

காரியஸ்தர் உலகநாத பிள்ளைக்குத் திக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் ராஜாவின் மைத்துனர் துரைசிங்கம் காகிதத்தோடு வந்து நின்றார். ராணியின் கூடப்பிறந்த தம்பி. மெட்ராஸ் கான்வென்ட் படிப்பு. படத்தில் இன்ஸ்பெக்டர் வேஷம் தருவதாகப் புரொடியூசர் அவர் காதில் ஓதியிருந்தார். படத்துக்குக் கார் கொடுப்பதாகத் துரைசிங்கம் விறுவிறுவென்று எழுதி நீட்டினார். ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சபை கை தட்டியது.

பிள்ளைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மத்தியானம் சினிமாக்காரர்கள் தங்கியிருந்த சத்திரத்துப் பக்கம் மெல்லப் போய், சமையல்காரனிடம் பேச்சுக் கொடுத்தார். அவன் கதையின் கடைசிக் காட்சியை ரசித்து ரசித்துச் சொன்னான். "வில்லன் தப்பிச்சுப் போறான்யா. வண்டி அப்படியே மலையிலேருந்து உருண்டு, பாறையில மோதி, டமால்!"

பிள்ளை ஓட்டமும் நடையுமாக அரண்மனைக்கு வந்து சொன்னார். ராஜா ஊஞ்சலில் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"அவ உட்கார்ந்த வண்டிவே அது."

"அப்போ கொடுக்கலைன்னு சொல்லிருவோம் மகாராஜா."

"சொன்ன சொல் தவறுனா நான் மீசையைச் சிரைச்சுக்கிட வேண்டியதுதான்! காரும் போகக்கூடாது, வாக்கும் போகக்கூடாது. நாளைக் காலைக்குள்ள வழி பண்ணும். இல்லாட்டி மலையிலேருந்து உருளும்போது வண்டிக்குள்ள நீரும் இருப்பீரு!"

பிள்ளை கடுதாசியின் நகலை வாங்கினார். ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது முகம் மலர்ந்தது. "ஆஹா, கான்வென்ட் படிப்பு வாழ்க!" என்று சொல்லிவிட்டு, கூடையும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ஆளனுப்பினார்.

விடிந்ததும் பட்டாபிராமன் பரிவாரத்தோடு வந்தார். கூடவே துரைசிங்கம், இப்போதே இன்ஸ்பெக்டர் நடையில். வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. அதில் கும்பாரமாகச் சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்புக் காரை.

"இது என்னய்யா?" என்றார் புரொடியூசர்.

"நீங்க கேட்டது" என்றார் பிள்ளை பவ்யமாக. "வடக்குச் சுவர் பூராவும் பெயர்த்தாச்சு. பத்தலைன்னா தெற்குச் சுவர் இருக்கு."

"நான் கேட்டது கார்!"

"கடுதாசியைப் படிங்களேன்."

புரொடியூசர் உரக்கப் படித்தார். "படமெடுப்பதற்காக அரண்மனையின் காரை கொடுத்தோம். உடைந்தாலும் நொறுங்கினாலும் நீங்கள் பொறுப்பல்ல."

"பார்த்தீங்களா? காரை கொடுத்தோம். காரைன்னா உடையத்தானே செய்யும், நொறுங்கத்தானே செய்யும்! நல்லாத்தான் எழுதியிருக்காரு சின்னத்துரை."

"காரைக் கொடுத்தோம்னுதான்யா அர்த்தம்!"

"அதுக்கு நடுவுல ஒரு 'க்' வரணுமே. எங்க காணோம்?"

புரொடியூசர் தன் வசனகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். "ஐயா, இலக்கணப்படி அவர் சொல்றது சரிதான். ஒற்று மிகலைன்னா இது சுவத்துக் காரைதான்."

துரைசிங்கம் சட்டென்று பேனாவை உருவினார். "ஒரு எழுத்துதானே? இப்பவே போட்டுடறேன்."

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! எழுதினதுல ஒரு எழுத்து மாற மாட்டேன்னு மகாராஜா ஐம்பது பேர் மத்தியில சொன்னாரே! நீங்களே அத்தான் வாக்கைப் பொய்யாக்கலாமா?"

அவ்வளவுதான். பட்டாபிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு புறப்பட்டார். போகிற போக்கில் துரைசிங்கத்தைப் பார்த்து, "அட்டையில ஒரு கார் செய்யப் போறோம். அதைத் தள்ளிவிட ஆள் வேணும், வர்றியா?" என்றார். இன்ஸ்பெக்டர் உத்தியோகம் அத்தோடு முடிந்தது.

ராஜா நேரே கொட்டகைக்குப் போய்க் காரின் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பிள்ளையை அழைத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உமக்கு ஏதாவது கொடுக்கணும்வே. வாயால இல்ல, எழுத்தாலேயே தாரேன்."

எழுதி நீட்டினார். பிள்ளை ஆசையோடு வாங்கிப் படித்தார். 'உலகநாத பிள்ளையின் மதிநுட்பத்தை மெச்சி, அரண்மனையின் காரை கொடுத்தோம்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தேடினார். 'க்' இல்லை.

நிமிர்ந்தால், ராஜாவின் மீசை துடித்துக்கொண்டிருந்தது. அடக்கமாட்டாமல் அவர் சிரித்த சிரிப்பில் கூடமே அதிர்ந்து, மேலே விதானத்திலிருந்து கையகலக் காரைத் துண்டொன்று பெயர்ந்து பிள்ளையின் மடியில் பொத்தென்று விழுந்தது.

பிள்ளை அதைப் பத்திரமாக மேல்துண்டில் முடிந்துகொண்டு எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா வாக்குன்னா வாக்குதான். கையெழுத்து காயறதுக்குள்ள வந்து சேர்ந்துட்டுதே!"