ஏழு நிலை மாடமும் ஒரு குடம் தண்ணீரும்

முன்னொரு காலத்திலே செங்கழனி நாட்டை வேழமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். ஒரு நாள் ஏரிக்கரையில் ஏழு நிலை மாடம் கட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. தலைமைக் கொத்தனார் பெரியாண்டியைக் கூப்பிட்டான்.

"மாடம் வானத்தைத் தொட வேண்டும்!"

"தொட்டுவிடலாம் மகாராஜா. முதலில் வானம் தோண்டிக்கொள்கிறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. அஸ்திவாரம் போடத் தோண்டும் பள்ளத்துக்குக் கொத்தனார்கள் வாயில் வானம் என்றுதான் பேர். பட்டுச் சால்வைக்காரர்களுக்கு அது எங்கே தெரியும்?

இரண்டு மாதம் போயிற்று. பெரியாண்டியின் ஆட்கள் களிமண்ணைத் தாண்டிப் பாறையைத் தேடித் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். ராஜாவுக்கு நெருக்கமான தாண்டவராயருக்குப் பெரியாண்டியைக் கண்டாலே ஆகாது. ராஜாவின் காதில் ஓதினார்.

"வானத்துக்குப் போகச் சொன்னால் இவன் பாதாளத்துக்குப் போகிறானே, பிரபு! நாற்பதே நாளில் பக்கத்திலேயே நான் கட்டிக் காட்டுகிறேன்."

"கட்டும். நீர் முடித்துவிட்டால் கொத்தனின் வலது கையை வெட்டிவிடுகிறேன்."

பெரியாண்டி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கை போனால் சாந்துக் கரண்டியை எதால் பிடிப்பது?

ராயர் ஒரே ஒரு முழ ஆழம்தான் தோண்டினார். நாற்பதாம் நாள் மாடம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு பளபளவென்று நின்றது. அன்று விடியற்காலையில் நல்ல மழை. ராஜா வாளும் கையுமாக ஓர் ஆளை வரவழைத்துவிட்டான்.

"கை உங்களுடையது மகாராஜா" என்று கும்பிட்டார் பெரியாண்டி. "நீங்கள் மாடமேறுமுன் உச்சியில் ஒரு நிறைகுடம் வைப்பது எங்கள் வழக்கம். அதை மட்டும் செய்துவிடுகிறேன்."

மங்கல காரியமாயிற்றே, ராஜா சம்மதித்தான். விளிம்புவரை நிரப்பி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் காவலாள் இறங்கி வந்தான்.

"கிழக்குப் பக்கமாகத் தண்ணீர் வழிந்திருக்கிறது!"

"காற்றுதான்" என்றார் ராயர்.

மறுபடி நிரப்பினார்கள். மறுபடி கிழக்கேதான் வழிந்தது.

"காக்கை வந்திருக்கும்!"

"நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இது தளும்புகிறது. அப்படியானால் குறை குடத்தில் இல்லை" என்றார் பெரியாண்டி. "ராயர் ஐயா அந்தக் கிழக்குச் சுவரோரம் உட்கார்ந்து ஒரு தாம்பூலம் போட்டு முடிக்கட்டும். முடித்தால் நானே கையை நீட்டுகிறேன்."

ராயருக்கு முகம் வெளுத்தது. "கிழக்கே வெயில் அடிக்குமே, பிரபு. மேற்குப் பக்கம் உட்காரட்டுமா?"

ராஜா அண்ணாந்து பார்த்தான். வானம் முழுக்க ஒரே மூட்டம்.

"எல்லோரும் விலகிப் போங்கள்!" என்று கத்தினான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத் தாங்குமாம். ராயரின் மாடம் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. ஊறிய களிமண் ஒரு பக்கம் அமுங்க, ஏழு நிலையும் கிழக்கே சாய்ந்து ஏரிக்குள் விழுந்தது. நல்லவேளை, ஓர் உயிருக்கும் சேதமில்லை. ராஜாவுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் முத்துமாலையைக் கழற்றிப் பெரியாண்டிக்குப் போட்டான்.

"ராயரே, இனி நீர் இவர் பள்ளத்தில் மண் சுமக்க வேண்டும். மாடம் எழுந்ததும் அதன் அடி நிலையில்தான் குடியிருக்க வேண்டும்."

பதினைந்தாம் நாள் பாறை தட்டியது. "இவ்வளவு ஆழம் போதும்" என்றார் பெரியாண்டி.

தலையில் மண்கூடையோடு நின்ற ராயர் பதறிப்போய்க் கும்பிட்டார்.

"இன்னும் ஒரு முழம் தோண்டிவிடலாமே, கொத்தனாரே!"