பலகைக்கு ஒரு வாசகம்

மணிக்கூண்டுச் சந்தியில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா கட்டினார் தலைமைப் பொறியாளர் தணிகாசலம். மூன்றே நாளில் அது திணறியது. வெளியே இருந்த வண்டிகள் முண்டியடித்துப் புகுந்ததால், உள்ளே சுற்றியவை வெளியேற முடியவில்லை. ஓர் ஆம்புலன்ஸ் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டது.

அங்கே வெயிலில் நின்று விசில் ஊதும் ஊர்க்காவல் படை செண்பகவல்லி, அவருடைய அலுவலகத்துக்கே போனாள்.

"ஒரு பலகை வெச்சா போதும் சார்."

"பதினெட்டு நாட்டு ரோடு பார்த்தவன் நான். என் வாயால வராத எதுவும் அங்க பலகையாகாது" என்றபடி தணிகாசலம் கீழே போக லிஃப்டில் ஏறினார்.

செண்பகவல்லி படியில் இறங்கி ஓடினாள். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களிடம் ஏதோ சொன்னாள். கதவு திறந்ததும் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து உள்ளே நெருக்கினார்கள். தணிகாசலம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு முதல்ல வழி விடுங்கய்யா. அப்புறம் நுழையுங்க. இதுகூடவா தெரியாது?"

எல்லோரும் விலகினார்கள்.

"தெரியும் சார். பலகையில எழுத வேண்டியது இதுதான்" என்றாள் செண்பகவல்லி.

அந்த வாரமே பலகை வந்தது. அடியில் தணிகாசலத்தின் பெயர் இருந்தது. செண்பகவல்லி அதைப் படிக்கவில்லை. நிற்காமல் போகும் ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.