உட்காரக் கூடாத கடை

துளசிமணிக்கு நாற்பத்தெட்டு வயது. கோபி கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் பதினோரு வருஷமாக வேலை. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும்.

கடை முதலாளி சென்னியப்பன் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். “நீங்க உட்கார்ந்தா வியாபாரமும் உட்கார்ந்துக்கும்” என்பார். அவர் மட்டும் கல்லாவில் மெத்தை வைத்த நாற்காலியில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலையில் துளசிமணி வாய்க்கால் கரையில் இருந்த தவமணி அம்மாவின் கூடத்துக்குப் போவாள். அம்மா அங்கே தியானம் சொல்லிக் கொடுத்தார். பெரிய மடம் ஒன்றுமில்லை. தகரக் கூரை, கோரைப் பாய், பத்துப் பதினைந்து பேர். அம்மா துளசிமணியைவிட ஆறு வயது இளையவர். அதனால் அவளை ‘அக்கா’ என்று கூப்பிடுவார். குரு என்பதால் துளசிமணி அவரை ‘அம்மா’ என்பாள்.

ஒரு ஞாயிறு, எல்லோரும் கண்மூடி அமர்ந்திருந்தபோது துளசிமணி அழுதுவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகும் அவள் எழவில்லை.

“என்ன வேணும், அக்கா?”

“எனக்குப் பொறுமை வேணுமுங்க, அம்மா.”

“எதுக்கு?”

துளசிமணி சொன்னாள். கடையில் சித்ரா என்று ஒரு பெண். ஐந்து மாதக் கர்ப்பம். போன புதன்கிழமை கொஞ்ச நேரம் அலமாரியில் சாய்ந்து நின்றாள். முதலாளி பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து அவளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட வேண்டும், கடை சாத்தும் வரை.

“நேத்து அவ கால் வீங்கிப் போயிருந்துச்சுங்க. என்னைப் பார்த்தா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலைங்க.”

“அடுத்த ஞாயிறு சரியா ஒன்பது மணிக்கு வாங்க” என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு பாய்கள் எல்லாம் சுருட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தன. “இன்னைக்கு நின்னுக்கிட்டே தியானம்” என்றார் அம்மா.

ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் நாற்பது நிமிஷத்தில் பிரஷர் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்குப் பாதிப் பேர் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் விட்டார் அம்மா. அதற்குப் பிறகு நின்றது இருவர் மட்டும். அம்மாவும் துளசிமணியும்.

மூன்று மணிக்கு அம்மாவின் முழங்கால் நடுங்கியது. கை சுவரைத் தேடியது. துளசிமணியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

“போதுமுங்களா, அக்கா?”

“கடை சாத்த இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குதுங்க.”

“என்னால முடியலை” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துளசிமணி பதறிப்போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். அம்மா தன் கணுக்காலை நீவிக்கொண்டே சொன்னார்.

“என்கிட்டப் பொறுமை கேட்டு வந்தீங்க. உங்ககிட்ட இருக்கறதுல பாதிகூட என்கிட்ட இல்லைங்க.”

“அப்போ எனக்கு எதுங்க குறைச்சல்?”

“கடையில எந்தப் புடவை எந்தத் தட்டுல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“எங்க ஏழு பேருக்குத் தெரியுமுங்க.”

“முதலாளிக்கு?”

துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கல்லாவை விட்டு எந்திரிச்சாத்தானுங்களே.”

“வேலை செய்யறவங்க உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டமே இருக்குதே. கேட்டீங்களா?”

“பேப்பர்ல படிச்சோமுங்க. கேக்கலை. வேலை போயிருமுங்களே. வீட்டுக்காரர் இல்லை. மக நர்சிங் ரெண்டாம் வருஷம்.”

“அந்த ஆறு பேருகிட்டயாவது கேட்டீங்களா?”

“இல்லைங்க” என்றாள் துளசிமணி. “வீட்டுக்குப் போயி வெந்நீர்ல காலை வைங்க. நானும் வைக்கணும்” என்று அம்மா மெதுவாக எழுந்து போனார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் துளசிமணி ஆறு பேரிடமும் பேசினாள். நான்கு பேர் உடனே சரி என்றார்கள். சித்ரா தலையை மட்டும் ஆட்டினாள். பரிமளம் மட்டும் பயந்தாள். வியாழக்கிழமை சித்ரா வாசலில் தலைசுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பரிமளமும் வந்து சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. துளசிமணி வாசலுக்குப் போய் சித்ராவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தாள். பிறகு மற்ற ஆறு பேரும் அவரவர் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள்.

“என்னடி இது? எந்திரிங்க!”

“ஆள் வந்தா எந்திரிக்கறோமுங்க. இல்லாதப்போ உட்கார்றோம்” என்றாள் துளசிமணி. “ஆளுக்கொரு ஸ்டூல் போட்டுக் கொடுங்க. சித்ரா இனி வாசல்ல நிக்க மாட்டா.”

“உட்கார்றவளுக்கு இங்க வேலை இல்லை. போ வெளியே.”

துளசிமணி எழுந்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஆறு.

எதிரே பிள்ளையார் கோவில். ஏழு பேரும் அதன் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு வேன் வந்து நின்றது. கவுந்தப்பாடியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே இறங்கியது. உள்ளே சென்னியப்பன் ஒருவர்தான். அவர் ஏணியில் ஏறுவதும், எதையோ இழுப்பதும், அடுக்கு சரிந்து விழுவதும் படிக்கட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

“துளசிமணி எங்கீங்க?” என்று கேட்டார் கல்யாணப் பெண்ணின் அம்மா. மூத்த மகள் கல்யாணத்துக்கும் இங்கேதான் எடுத்தவர்.

“இன்னைக்கு லீவுங்க.”

“அப்போ கோவில் படியில உட்கார்ந்திருக்கறது யாருங்க?”

அந்த அம்மாள் தெருவைத் தாண்டி வந்து விசாரித்தார். துளசிமணி நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் சித்ராவின் காலைப் பார்த்தார். திரும்பிப் போய், “அவிய ஏழு பேரும் வந்து எடுத்துப் போட்டா இங்க எடுக்கறோம். இல்லீன்னா ஈரோடு போறோமுங்க” என்றார்.

சென்னியப்பன் தெருவைத் தாண்டி வந்தார். வெயிலில் நின்றார்.

“வாங்க” என்றார். அப்படிப் பணிவான ‘வாங்க’வை அவர் வாயிலிருந்து அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

“ஸ்டூலுங்க?” என்று கேட்டது துளசிமணி அல்ல. சித்ரா.

“வாங்கித் தர்றேன். வாங்க.”

“வாங்கிட்டு வந்து போடுங்க. நாங்க இங்கயே இருக்கறோம்” என்றாள் பரிமளம்.

அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டோவில் ஏழு ஸ்டூல்கள் வந்து இறங்கின. அதற்குப் பிறகுதான் ஏழு பேரும் உள்ளே போனார்கள். கல்யாணப் பட்டுப் புடவையை மூன்றாவது தட்டிலிருந்து துளசிமணி ஒரே முறையில் எடுத்தாள். மணப்பெண்ணுக்குப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்துக்குப் போனாள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் வந்து, கடையில் நடந்ததைச் சொன்னாள்.

“தியானமே வரலைங்க, அம்மா. கண்ணை மூடினா முதலாளி ஏணியில நிக்கறது தெரியுது. சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. இது கர்வமுங்களா?”

“சித்ரா சிரிக்கறாளா?”

“எல்லாருக்கும் முன்னாடி அவதானுங்க. ஆறு மாசமா அவ பல்லை நான் பார்த்ததே இல்லை.”

“அப்போ நீங்களும் நல்லாச் சிரிங்க, அக்கா.”